சாவடிப் பொறுப்பாளர்

(நவம்பர் 11, தூர் நகர் புனித மார்ட்டின் திருநாளன்று வானொலியில் ஒலித்த மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று தூர் நகர் ஆயர் புனித மார்ட்டினின் திருநாள். நான்காம் நூற்றாண்டில், இன்றைய ஹங்கேரி நாட்டுப் பகுதியில், ஒரு ரோமைப் படைவீரரின் மகனாகப் பிறந்தவர். படைவீரரின் மகன் படையில் சேர்ந்தே ஆகவேண்டும் என்பது அன்றைய சட்டம். அதனால் விருப்பம் இல்லாமலே வாள் எடுத்தார். கடுங்குளிர் அடித்த ஒரு நாளில், அமியான் நகர வாசலில், உடுத்த ஆடையின்றி நடுங்கிய ஓர் ஏழையைக் கண்டார். கொடுப்பதற்குக் கையில் காசு இல்லை. தம் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைக் கொடுத்தார். அன்றிரவு கனவில் அந்தப் பாதி அங்கியைப் போர்த்திக்கொண்டு ஆண்டவர் இயேசு நின்றார். இது நம் ஞானோபதேச வகுப்பிலேயே கேட்ட கதை. சேப்பல் என்று நாம் சொல்லும் சொல்லே அந்த அங்கியிலிருந்து வந்தது. அங்கிக்கு லத்தீனில் காப்பா என்று பெயர். அதை வைத்துக் காத்த இடம் கப்பெல்லா ஆயிற்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் இன்று ஒரு சிறப்பு நாள். 1918ஆம் ஆண்டு இதே நவம்பர் 11 அன்று, காலை 11 மணிக்கு, முதல் உலகப்போர் நின்றது. அதன் நினைவாக இந்த நாளை அந்நாட்டில் முன்னாள் படைவீரர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். கொடி ஏற்றுகிறார்கள், ஊர்வலம் போகிறார்கள், உணவகங்களில் அவர்களுக்கு இலவசச் சாப்பாடு கொடுக்கிறார்கள். படையை விட்டு வெளியேறிய ஒரு புனிதரின் திருநாளும் இந்த நாளும் ஒரே தேதியில் விழுந்தது யாரும் திட்டமிட்டதல்ல.

ஒரு கேள்வி மட்டும் நம் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. மார்ட்டினின் வரலாற்றை எழுதிய சுல்பீசியுஸ் செவேருஸ் அவரை நேரில் அறிந்தவர், விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அந்த ஏழைக்கு அடுத்த ஆண்டுக் குளிரில் என்ன ஆயிற்று என்று ஒரு வரிகூட இல்லை. பாதி அங்கி எத்தனை நாள் தாங்கும்? அவருக்கும் வயதாகி இருக்குமே, நோய் வந்திருக்குமே. அப்போது யார் வந்தார்கள்?

இதை இன்று கேட்பதற்குக் காரணம் உண்டு. நாங்கள் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு பங்கில் பணி செய்கிறோம். பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினரும் அருள்சகோதரிகளும் நாங்களுமாக வாரத்தில் ஒரு நாள் ஓர் ஐந்து மாடிக் கட்டடத்துக்கு நற்கருணை எடுத்துப் போகிறோம். அங்கே குடியிருப்பவர்கள் எல்லாரும் முன்னாள் படைவீரர்கள். எல்லாரும் ஒரு காலத்தில் தெருவில், பாலத்துக்கு அடியில், பழைய காருக்குள் படுத்தவர்கள். இன்று பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். தொலைதூர நாட்டு இராணுவக்காரர்களைப் பற்றி நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நேயர்கள் பலருடைய பிள்ளைகள் அந்த நாட்டில் இருக்கிறார்கள். அலுவலகம் போகும் வழியில் நடைபாதையில் வரிசையாகக் கூடாரங்கள் நிற்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள். அவர்கள் தொலைபேசியில் பேசும்போது கேட்டுப் பாருங்கள்.

யார் இவர்கள்? வியட்நாம் போர்க் காலத்தில் கட்டாய இராணுவச் சேவை இருந்தது. 1969 டிசம்பர் 1ஆம் தேதி இரவு, ஆண்டின் 366 பிறந்தநாள்களையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, சிறு குப்பிகளில் அடைத்து, ஒரு கண்ணாடிச் சாடியில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் எந்தத் தேதி வருகிறதோ அந்தத் தேதியில் பிறந்த இளைஞர்கள் முதலில் போகவேண்டும். அப்படிப் போனவர்கள் சிலர் எங்கள் கட்டடத்தில் இருக்கிறார்கள். ஆனால் எல்லாரும் போர்க்களம் கண்டவர்கள் அல்ல. இதைச் சொல்லியாக வேண்டும். போரினால் மனம் உடைந்தவர் என்றால் மட்டும் இரக்கப்படுவதும், மற்றவர் என்றால் முகத்தைச் சுளிப்பதும் நம்மிடம் உள்ள ஒரு கெட்ட பழக்கம். 1973இல் கட்டாயச் சேவை முடிந்தபின், வேறு வேலை கிடைக்காமல் தாமாகச் சேர்ந்து, அமைதிக் காலத்தில் சமையலறையிலும் கிடங்கிலும் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் பலர். திரும்பியபோது தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்தன. நகரங்களில் ஏழைகள் வாரக்கூலியில் தங்கியிருந்த மலிவான ஒற்றை அறை விடுதிகளை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். குடி ஒருபக்கம், மணமுறிவு ஒருபக்கம், வாடகை ஒருபக்கம்.

நல்ல செய்தியும் உண்டு. ஆண்டுதோறும் ஜனவரியில் ஓர் இரவு அந்நாட்டில் வீடற்றோரை எண்ணுகிறார்கள். 2010இல் எண்ணியபோது முன்னாள் படைவீரர் மட்டும் 74,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2024இல் 33,000க்கும் குறைவு. அதே 2024இல் வீடற்றோரின் மொத்தத் தொகை 7,70,000ஐத் தாண்டி, முன் எப்போதும் இல்லாத உயரத்துக்குப் போயிருந்தது. மற்றவர் தொகை ஏறும்போது இவர்கள் தொகை மட்டும் பாதிக்குமேல் இறங்கியது எப்படி? மந்திரம் ஒன்றும் இல்லை. முதலில் குடியை விடு, பிறகு வேலை தேடு, அதன்பின் வீடு தருகிறோம் என்று சொல்லாமல், முதலில் சாவியைக் கையில் கொடுத்தார்கள். 1992இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிக் காட்டிய வழி அது. முன்னாள் படைவீரர்களுக்கு 2008 முதல் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை அவர் வாடகையாகக் கட்டவேண்டும். மீதியை அரசின் வாடகை உதவிச் சீட்டு கட்டும். கூடவே படைவீரர் நலத்துறையிலிருந்து ஒரு சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார். வீட்டு வசதித் துறையும் படைவீரர் நலத்துறையும் கை கோத்துச் செய்யும் வேலை. ஓர் அரசு ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்தால் அதை மனம் திறந்து சொல்வதில் தவறில்லை.

நாங்கள் அறிந்த ஒருவர் அப்படித்தான் மூன்றாம் மாடியில் ஓர் அறைக்கு வந்தார். கடற்படைக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். பதினொரு ஆண்டு தெருவில். அவர் குடிவந்த நாளில் நாங்கள் போயிருந்தோம். அறையை மந்திரித்தோம். போர்வை, பாத்திரம், காப்பித்தூள் எல்லாம் வைத்து ஒரு கூடை கொடுத்தோம். படம் எடுத்தோம். அந்தப் படம் எங்கள் பங்கு மடலில் வந்தது. அவர் சாவியை ஒரு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு எட்டு மாதம் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

ஏன் போகவில்லை? வேறு வேலைகள் இருந்தன. வேறு கூடைகள் இருந்தன. அவருக்குத்தான் வீடு கிடைத்துவிட்டதே என்று இருந்துவிட்டோம். கதை முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

அன்பானவர்களே, தெருவில் கழித்த ஆண்டுகள் உடலை விட்டுப் போவதில்லை. ஓக்லாந்து நகரில் மருத்துவர் மார்கோ குஷெலும் அவருடைய குழுவினரும் 50 வயதைத் தாண்டிய வீடற்றோர் 350 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்கள் கண்டது என்னவென்றால், 50களில் இருப்பவருக்கு 70களில் இருப்பவரின் உடல். நடை தடுமாறுகிறது, கீழே விழுகிறார்கள், சிறுநீர் அடக்க முடியவில்லை, நேற்றுச் சொன்னது இன்று நினைவில்லை. வீடு கிடைத்த அன்று 58 வயது என்று காகிதத்தில் எழுதியிருந்தவர் உண்மையில் ஒரு கிழவர். பத்தாண்டு போனால் கேட்கவே வேண்டாம்.

கட்டடமோ இதை எதிர்பார்த்துக் கட்டப்படவில்லை. குளியல் தொட்டியின் விளிம்பு முழங்கால் உயரம். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. லிப்ட் மாதம் ஒருமுறை நின்றுவிடும். நின்றால் ஐந்தாம் மாடியில் வாக்கர் வைத்து நடப்பவர் இரண்டு நாள் சிறையில் இருப்பவர்தான். சமூகப் பணியாளர்கள் நல்லவர்கள். ஆனால் அவர்கள் படித்தது குடிப்பழக்கத்திலிருந்து மீட்கவும், ஓய்வூதிய மனு எழுதவும். படுக்கையில் கிடப்பவருக்கு டயப்பர் மாற்ற அவர்களுக்கு அனுமதி இல்லை. அது குடியிருப்புதானே தவிர, பராமரிப்பு இல்லம் அல்ல. வீட்டுக்கு வந்து உதவுகிற பணிப்பெண்ணை அரசு செலவில் சில மணி நேரத்துக்கு அமர்த்தலாம். ஆனால் அந்த மணிக்கணக்கெல்லாம் மீதி நேரத்துக்கு மகளோ மனைவியோ இருப்பாள் என்று எண்ணிப் போட்டதுபோல் இருக்கிறது. இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? இன்னொரு பிரச்சினை, படையிலிருந்து நல்ல முறையில் விடுவிக்கப்படாதவர்கள். ஐம்பது ஆண்டுக்கு முன் ஒரு கைகலப்புக்காகவோ கஞ்சாவுக்காகவோ வெளியேற்றப்பட்டவருக்குக் கொடுத்த அந்தக் காகிதம், அவர் கிழவரான பிறகும் படைவீரர் மருத்துவமனையின் வாசலில் அவருக்கு முன் வந்து நிற்கிறது.

ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் சமையல்காரர் குளியலறையில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. எழ முடியவில்லை. கத்தினார். பக்கத்து அறைக்காரருக்குக் காது கேட்காது.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தக் கட்டடத்தின் நுழைவாயிலில் ஒரு மேசை இருக்கிறது. இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை அதில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரும் முன்னாள் படைவீரர்தான், அவரும் தெருவில் கிடந்தவர்தான். யார் வருகிறார், யார் போகிறார் என்று நோட்டில் எழுதுவது அவர் வேலை. அவ்வளவுதான் வேலை. நம் சமையல்காரர் தினமும் காலை 5 மணிக்குக் கீழே இறங்கி வந்து, அங்கே உள்ள இயந்திரத்தில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார். மேசைக்காரருக்கு அந்த வாரம் சனி, ஞாயிறு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை இரவு அவருக்குப் பதில் இருந்தவருக்கு இந்த 5 மணிக் காப்பியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் வேலைக்குத் திரும்பியது திங்கட்கிழமை இரவு. செவ்வாய் விடியற்காலை 5 மணி ஆயிற்று, 5.20 ஆயிற்று, ஆள் வரவில்லை. நோட்டைப் புரட்டினார். இரண்டு நாளாக அந்த அறைக்காரர் வெளியே போனதாகவும் இல்லை, வந்ததாகவும் இல்லை. மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

மூன்று இரவு தரையில் கிடந்திருக்கிறார். கை எட்டிய ஈரத் துண்டை உறிஞ்சி உயிரோடு இருந்தார்.

மருத்துவமனையில் போய்ப் பார்த்தபோது நாங்கள் தலைகுனிந்து நின்றோம். அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. “ஃபாதர், என் அறையை யாருக்காவது கொடுத்துவிடுவார்களா?” என்றுதான் கேட்டார். சாவி இன்னும் கழுத்தில் இருந்தது. தாதியர் கழற்றப் பார்த்தும் விடவில்லையாம்.

அவர் பயம் வீணான பயம் அல்ல. அந்த வாடகை உதவித் திட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. தொடர்ந்து 180 நாளுக்கு மேல் ஒருவர் வீட்டில் இல்லாவிட்டால் உதவி நின்றுவிடும். உள்ளூர் அலுவலகம் அதைவிடக் குறைந்த நாளையும் வைக்கலாம். விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆள் இல்லாத அறைக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தால், வெளியே காத்திருப்பவர் என்ன செய்வார்? ஆனால் இடுப்பெலும்பு முறிந்த கிழவருக்கு ஆறு மாதம் என்பது பெரிதல்ல. அறுவைச் சிகிச்சை, தொற்று, மறுபடி நடக்கப் பழகுவது என்று நாள்கள் ஓடின. சமூகப் பணியாளர் ஒரு நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தார். மருத்துவமனையோ, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவரைத் தனி அறைக்கு அனுப்ப முடியாது, முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்புவோம் என்றது. அவர்கள் சொன்னதிலும் தவறில்லை. அங்கே போனால் 180 நாள் தாண்டும், அறை போய்விடும். அறை போனால் அந்த இல்லத்தைவிட்டு எப்போதாவது வெளியே வந்தால் மறுபடி தெரு.

யோவான் நற்செய்தி கடைசி அதிகாரம் நமக்கு நினைவுக்கு வருகிறது. உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் பேதுருவிடம் பேசுகிறார். இளமையில் நீ உன் இடைக்கச்சையை நீயே கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய், முதுமையிலோ கைகளை விரித்து நிற்பாய், வேறொருவர் உனக்குக் கட்டிவிட்டு, நீ விரும்பாத இடத்துக்கு உன்னைக் கூட்டிப்போவார் என்கிறார். பேதுரு எப்படி இறப்பார் என்பதைக் குறித்தே அதைச் சொன்னார் என்று நற்செய்தியாளர் விளக்குகிறார். ஆனால் முதியவர் படுக்கையருகே நின்றவர்கள் அதை வேறு விதமாகவும் கேட்பார்கள். விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோகப்படுவது. இளமையில் குலுக்குச் சீட்டில் பிறந்தநாள் வந்து விரும்பாத இடத்துக்குப் போனார்கள். பிறகு தெருவில் காவலர் தட்டி எழுப்ப எழுப்ப விரும்பாத இடங்களுக்கெல்லாம் போனார்கள். கடைசியில் ஒரு கதவு கிடைத்தது. அதையும் விட்டு எழுந்து வா என்கிறோம்.

லூக்கா 10ஆம் அதிகாரத்துக்கு வருவோம். நல்ல சமாரியர் உவமை. இதில் யாரைப் பற்றிப் பேசுவோம்? குரு, லேவியர், சமாரியர். எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டியதைப் பற்றிப் பேசுவோம். விலங்கின்மேல் ஏற்றியதைப் பேசுவோம். ஆனால் கணக்குப் பாருங்கள். சமாரியர் அந்தச் சாவடியில் தங்கியது ஓர் இரவு. மறுநாள் இரண்டு தெனாரியத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தம் வழியே போய்விட்டார். இரண்டு தெனாரியம் என்பது இரண்டு நாள் கூலி. அதற்குப் பிறகு அந்தக் காயப்பட்டவரோடு இருந்தது யார்? சாவடிப் பொறுப்பாளர். கட்டை அவிழ்த்துப் புதுக்கட்டு போட்டவர் அவர். அசுத்தமான விரிப்பைத் துவைத்தவர் அவர். இரவில் அவர் முனகுவதைக் கேட்டுக்கொண்டு தூங்காமல் இருந்ததும், ஏன் இந்த ஆளை இங்கே வைத்திருக்கிறீர் என்று மற்ற வழிப்போக்கர்கள் முணுமுணுத்ததைத் தாங்கியதும் அவராகத்தான் இருக்கவேண்டும். அவரைப் பாராட்டி ஆண்டவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாமும் மறையுரைகளில் அவரைச் சேர்ப்பதில்லை. புனித அகுஸ்தினார் அந்தச் சாவடியே திருச்சபை என்றும், பொறுப்பாளர் திருத்தூதர் பவுல் என்றும் விளக்கம் சொன்னார்.

இன்னொன்றும் பாருங்கள். சமாரியர் பணத்தோடு ஒரு வாக்கும் கொடுத்தார். இதற்குமேல் செலவானால் நான் திரும்பி வரும்போது தருகிறேன் என்றார். அந்த வாக்கு இல்லையென்றால் பொறுப்பாளர் என்ன செய்திருப்பார்? இரண்டு தெனாரியம் தீர்ந்ததும் ஆளை வாசலில் கொண்டுபோய்க் கிடத்தியிருப்பார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

நாங்கள் செய்தது அதுதான். இரண்டு தெனாரியம் கொடுத்தோம், படம் எடுத்தோம், திரும்பி வருகிறேன் என்ற வாக்கை விட்டுவிட்டோம். அந்த நாடும் ஓரளவுக்கு இதையே செய்கிறது. வாடகைச் சீட்டு என்பது இரண்டு தெனாரியம், பெரிய காரியம்தான். ஆனால் பத்தாண்டு கழித்து அதே ஆள் எழுந்து நடக்க முடியாமல் கிடக்கும்போது ஆகிற மேல்செலவை யார் தருவது என்பதற்கு இன்னும் தெளிவான பதில் இல்லை.

முடியாத காரியம் ஒன்றும் அல்ல. சான் பிரான்சிஸ்கோவின் சைனா டவுனில் 1971இல் தொடங்கிய ஆன் லாக் என்ற அமைப்பு, பராமரிப்பு இல்லத்துக்குப் போகவேண்டிய முதியவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்காட்டியது. பகலில் வண்டி வைத்துக் கூட்டிவந்து சாப்பாடு, மருத்துவம், பேச்சுத்துணை எல்லாம் ஒரே இடத்தில் கொடுத்து, மாலையில் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். இன்று நாட்டின் பல மாநிலங்களில் அந்த முறை இருக்கிறது. படைவீரர் நலத்துறையிலும் மருத்துவரும் தாதியும் வீட்டுக்கே வந்து பார்க்கும் திட்டம் உண்டு. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் செவிலியர் சாரா சான்டன் இன்னொரு முறையை உருவாக்கினார். ஒரு செவிலியர், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஒரு சிகிச்சையாளர், சில்லறை மராமத்து வேலை தெரிந்த ஓர் ஆள், இந்த மூவரும் சில மாதங்களுக்கு வீட்டுக்கு வருவார்கள். உமக்கு என்ன நோய் என்று தொடங்குவதில்லை. நீங்கள் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டுத் தொடங்குவார்கள்.

அந்தக் கேள்வியை எங்கள் சமையல்காரரிடமும் கேட்டார்கள். தேவாலயத்துக்கு வர ஆசை என்று சொல்வார் என்று நாங்கள் மனதுக்குள் எதிர்பார்த்தோம், உண்மையைச் சொல்லவேண்டுமே. அவர், “நின்றுகொண்டு முட்டை பொரிக்கவேண்டும்” என்றார்.

படைவீரர் நலத்துறையின் சிகிச்சையாளர் வந்து அறையை அளந்தார். கட்டட நிர்வாகத்தோடு பல கடிதங்களுக்குப் பிறகு தொட்டியை எடுத்துவிட்டுத் தரைமட்டமாகக் குளிக்குமிடம் வைத்தார்கள். இரண்டு கைப்பிடிக் கம்பி. உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலி. அடுப்புக்கு முன்னால் சாய்ந்து நிற்க ஒரு உயரமான இருக்கை. ஆள் நகர்ந்துவிட்டால் தானாக அணைந்துபோகும் அடுப்பு. மாத்திரைகளைக் காலை, மாலை என்று பிரித்து ஒட்டிய அட்டை. காலையில் மூன்று மணி நேரம் ஒரு பணியாளர். மாலை எங்கள் முறை. பங்கில் பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள், இப்போது ஒன்பது பேர் வருகிறார்கள். 151ஆம் நாள் அவர் தம் கதவைத் தாமே திறந்தார்.

இன்னொரு ஏற்பாடும் வந்தது. செலவே இல்லாதது. மேசைக்காரர் கொண்டுவந்த யோசனை. ஒவ்வொருவரும் இரவு படுக்கப்போகும்போது கதவின் வெளிக் கைப்பிடியில் ஓர் அட்டையை மாட்டவேண்டும். காலை எழுந்ததும் அதை உள்ளே எடுத்துவிடவேண்டும். ஒன்பது மணிக்கு மாடிக்கு ஒருவர் நடந்து பார்ப்பார், அவர்களில் ஒருவரே. அட்டை தொங்கிக்கொண்டிருந்தால் தட்டுவார். முதியோர் குடியிருப்புகள் பலவற்றில் இருக்கிற பழைய வழக்கம்தான். முதலில் சிலர் எதிர்த்தார்கள். நாங்கள் என்ன சிறுபிள்ளைகளா, இது என்ன இராணுவ ஆஜர் பட்டியலா என்றார்கள். இப்போது அதை ஆஜர் என்றே சொல்கிறார்கள், சிரித்துக்கொண்டு.

எல்லாரையும் அங்கேயே வைத்திருக்க முடியும் என்று சொல்லவரவில்லை. நான்காம் மாடியில் ஒருவருக்கு நினைவு முழுவதும் போய்விட்டது. இரவில் எழுந்து, தாம் முன்பு படுத்திருந்த பாலத்தைத் தேடிப் போய்விடுவார். மூன்று முறை தேடிக் கண்டுபிடித்தோம். மூன்றாம் முறை மழை. அப்போதும் அவரை விடமாட்டோம் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்தது அவருக்காகவா, எங்கள் பெருமைக்காகவா என்று அருள்சகோதரி ஒருவர் கேட்டார். கேட்டது சரி. பூட்டிய கதவும் இரவுத் தாதியும் உள்ள இல்லத்துக்கு அவரை அனுப்பினோம். போய்ப் பார்க்கிறோம். எங்களை அடையாளம் தெரிவதில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார்.

இரண்டாம் மாடியில் ஒருவர் தம் அறையிலேயே இறந்தார். நுரையீரலில் புற்றுநோய். குணப்படுத்த முடியாத நோயாளிக்கு வலி தணித்து வீட்டிலேயே துணைநிற்கும் ஹாஸ்பிஸ் சேவை கிடைத்தது. ஆனால் அந்தச் செவிலியர்கள் வந்து போகிறவர்கள். இருபத்துநான்கு மணி நேரமும் வீட்டில் ஒருவர் இருந்தால்தான் அது நடக்கும். அந்த ஒருவர் அவருக்கு இல்லை. எங்கள் பங்கு மக்களும், அந்த மாடிக்காரர்களும் முறை வைத்து இருந்தோம். நள்ளிரவு முதல் விடியும்வரை கடினமான முறை. அதில் தம் விடுமுறை நாள்களில் வந்து உட்கார்ந்தவர் மேசைக்காரர். கடைசி இரவும் அவர்தான் இருந்தார். நோயில்பூசுதல் கொடுத்திருந்தோம். விடியும்முன் அமைதியாகப் போனார்.

படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அந்நாட்டு வழக்கப்படி இரண்டு படைவீரர்கள் வந்து, பெட்டியின்மேல் விரித்த தேசியக் கொடியை முக்கோணமாக மடித்து, நெருங்கிய உறவினர் கையில் கொடுப்பார்கள். உறவினர் என்று யாரும் இல்லை. அந்த இளம் படைவீரர் கொடியோடு நின்று எங்களைப் பார்த்தார். நாங்கள் மேசைக்காரரைப் பார்த்தோம். இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்தார், சட்டையில் பெயர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினார்.

சமையல்காரருக்கு இப்போது 74 வயது. சில நாள் முட்டை கருகிப்போகிறது. சில நாள் எங்கள் பெயர் மறந்துபோகிறது. அந்த அறையில் அவர் இன்னும் எத்தனை நாள் இருக்க முடியும் என்று சமூகப் பணியாளரும் நாங்களும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுகிறோம். அடுத்த ஆண்டுக்குக் காலைப் பணியாளரின் மணி நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். மூன்று மணி இரண்டாகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேர் வேண்டும். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு மக்களிடம் கேட்கப்போகிறோம்.

நேயர்களே, நீங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் உலகத்தில் எங்கோ ஓர் இடத்தில் இரவு 11 மணி. ஒருவர் காப்பிக் குடுவையும் நோட்டுமாக ஒரு மேசைக்கு வந்து உட்காருகிறார். அவருக்காகவும், அவர் தலைக்குமேல் தூங்கப்போகும் முதியவர்களுக்காகவும் சேர்ந்து ஓர் அருள்நிறைந்த மரியே சொல்வோம்.